‘உள்ளே வந்தாச்சா?’ என்று கேட்காத லைப்ரரி

தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நெறிமுறையில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. உள்ளே நுழைய விரும்பும் கிளையன்ட், ‘என்னைச் சரிபார்’ என்று கேட்பது 50. ‘முடியாது’ என்று சர்வர் மறுப்பது 51. ‘சரி, வா’ என்று சர்வர் ஏற்றுக்கொள்வது 52. 2006-இல் வெளியான ஆர்எஃப்சி 4252 ஆவணம் இதைத் தெளிவாகவே வகுத்து வைத்திருக்கிறது. 52-ஐச் சொல்லும் உரிமை சர்வருக்கு மட்டும்தான்.

2018 அக்டோபர் 16 அன்று லிப்எஸ்எஸ்எச் என்ற சி மொழி லைப்ரரியைப் பராமரிப்பவர்கள் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டார்கள். என்சிசி குரூப்பைச் சேர்ந்த பீட்டர் வின்டர்-ஸ்மித் கண்டுபிடித்த ஓட்டைக்கான திருத்தம் அது. அந்த லைப்ரரியை வைத்து எழுதப்பட்ட சர்வருக்கு, கிளையன்ட் 50 அனுப்ப வேண்டிய இடத்தில் 52-ஐ அனுப்பினால் போதும். பாஸ்வேர்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம், கதவு திறந்துவிடும். பஸ்ஸில் ஏறிய பயணி ‘டிக்கெட் கொடுத்தாச்சு’ என்று நடத்துநரிடமே சொல்ல, அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்ததைப் போல.

இது எப்படி நடந்தது? கிளையன்ட், சர்வர் இரண்டையும் எழுத உதவும் லைப்ரரி அது. வந்த செய்தியை அதன் எண்ணைப் பார்த்து உரிய ஃபங்ஷனிடம் சேர்க்கும் அட்டவணை இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருந்தது. 52 வந்தால் ஓடும் ஃபங்ஷன், கிளையன்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. ‘சர்வர் ஏற்றுக்கொண்டது’ என்று புரிந்துகொண்டு, இணைப்பின் நிலையைக் குறிக்கும் மாறியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிவைப்பது அதன் வேலை. சர்வராக இயங்கும்போதும் அதே ஃபங்ஷன் ஓடியது, அதே மாறியில் அதையே எழுதியது. 0.6 பதிப்பிலிருந்தே இருந்த ஓட்டை, 0.7.6-இலும் 0.8.4-இலும் அடைபட்டது. வந்த செய்தி இப்போதைய நிலையில் செல்லுமா என்று முதலில் பார்க்கும் ஒரு வடிகட்டியைச் சேர்த்தார்கள். அதே நெறிமுறையைப் பின்பற்றும் ஓப்பன்எஸ்எஸ்எச் வேறு நிரல் என்பதால் அதற்கு இதில் பங்கில்லை.

குறியாக்கக் கணிதத்தில் எந்தப் பிழையும் இல்லை. ‘இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறோம்’ என்ற கணக்குதான் தவறியது. அந்தக் கணக்கு ஒரு சாதாரண மாறியில் இருந்தது. அதை எந்த ஃபங்ஷன் வேண்டுமானாலும் மாற்றலாம், எந்த ஃபங்ஷன் வேண்டுமானாலும் பார்க்க மறக்கலாம். அதனால் லாகின் கட்டங்களைத் தரவு வகைகளாகவே, அதாவது கம்பைலருக்குத் தெரிந்த டைப்புகளாகவே எழுதிவிட வேண்டும் என்று சொல்லும் ஒரு கட்சி நிரலாளர்களிடையே நெடுநாளாக இருக்கிறது. அந்தக் கட்சிக்குள்ளேயே இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஒன்றைப் போலத் தோன்றினாலும் தீர்க்கும் சிக்கல்கள் வேறு வேறு.

அதற்கு முன், பெரும்பாலான ஆப்களில் லாகின் எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்கலாம். ‘லாகின் ஆனவரா’, ‘ஓடிபி அனுப்பியாச்சா’, ‘பாஸ்வேர்ட் தேவையா’ என்று மூன்று ஆம்-இல்லை மாறிகள். மூன்று மாறிகளுக்கு 8 சேர்க்கைகள். இவற்றில் பொருளுள்ளவை நான்கு: ஒன்றும் தொடங்கவில்லை, ஓடிபிக்குக் காத்திருக்கிறது, ஓடிபி சரி ஆனால் பாஸ்வேர்ட் வேண்டும், உள்ளே வந்தாயிற்று. மிச்ச நான்கும் அபத்தம். லாகின் ஆனவர், ஆனால் ஓடிபியே அனுப்பப்படாமல் பாஸ்வேர்ட் இன்னும் தேவைப்படுபவர் என்று ஒருவர் இருக்க முடியாது. ஆனாலும் நிரலில் அவருக்கு இடம் இருக்கிறது, என்றாவது ஒருநாள் அவர் வந்து உட்காரவும் செய்வார். அப்படிப்பட்ட நிலையை எழுதவே இடம் தராதபடி டைப்புகளை வடிவமைக்க வேண்டும் என்பது ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனத்தின் யாரோன் மின்ஸ்கி ஓகாமல் மொழி எழுதுபவர்களுக்குச் சொல்லிவந்த அறிவுரை.

கட்டங்களை ஒரே டைப்பின் வெவ்வேறு வடிவங்களாக எழுதுவது முதல் வழி. அதற்கு நல்ல உதாரணம் டெலிகிராம். 2018 ஜனவரியில் டிடிலிப் என்ற லைப்ரரியை அந்த நிறுவனம் பொதுவெளியில் வைத்தது. சி++ மொழியில் எழுதப்பட்டது. டெலிகிராம் போன்ற ஓர் ஆப்பை யார் வேண்டுமானாலும், எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பது நோக்கம். ஆண்ட்ராய்டுக்கான டெலிகிராம் எக்ஸ் அதன்மேல்தான் நிற்கிறது. இந்த லைப்ரரியின் எல்லா டைப்புகளும் ஃபங்ஷன்களும் ஒரே வரையறைக் கோப்பில் இருக்கின்றன. அந்தக் கோப்பில் ‘ஆதரைசேஷன் ஸ்டேட்’ என்ற ஒரு டைப். அதன்கீழ் வரும் வடிவங்களை வரிசையாகப் படித்தால், டெலிகிராமுக்குள் ஒருவர் நுழைந்து வெளியேறும் முழுக் கதையும் கிடைத்துவிடும்.

முதலில் ‘வெயிட் டிடிலிப் பாராமீட்டர்ஸ்’. இது ஆளைப் பற்றிய கட்டமே இல்லை. ஆப்பின் அடையாள எண் என்ன, தரவை எந்தக் கோப்புறையில் வைக்க வேண்டும் என்று லைப்ரரி கேட்டுக்கொள்கிற இடம். அடுத்து ‘வெயிட் ஃபோன் நம்பர்’. இங்கேயே பாதை கிளை பிரிகிறது. எண்ணைக் கொடுக்கலாம், க்யூஆர் கோடு கேட்கலாம், அல்லது பாட் என்றால் அதற்குரிய டோக்கனைக் கொடுக்கலாம். க்யூஆர் கேட்டால் ‘வெயிட் அதர் டிவைஸ் கன்ஃபர்மேஷன்’ வருகிறது. ஏற்கெனவே லாகின் ஆன இன்னொரு கருவி ஒப்புதல் தர வேண்டும். அதற்கான இணைப்பு அடிக்கடி மாறும் என்பதால், புதிய இணைப்போடு இதே நிலை மறுபடி மறுபடி வந்துகொண்டிருக்கும். எண்ணைக் கொடுத்தால் ‘வெயிட் கோட்’. கணக்கே இல்லாத புதியவர் என்றால் ‘வெயிட் ரெஜிஸ்ட்ரேஷன்’. குறியீட்டுக்கு மேல் பாஸ்வேர்டும் கேட்கும் இரட்டைப் பூட்டு போட்டவர் என்றால் ‘வெயிட் பாஸ்வேர்ட்’. எல்லாம் முடிந்தால் ‘ரெடி’.

பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். டிடிலிப் வெளியேறுவதையும் கட்டங்களாகப் பிரித்திருக்கிறது: ‘லாகிங் அவுட்’, ‘குளோசிங்’, ‘குளோஸ்டு’. குளோசிங் என்றால், லைப்ரரி கடையை மூடிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கலாம், இனி எதைக் கேட்டாலும் 500 என்ற பிழைதான் பதில். குளோஸ்டு என்றால் தரவுத்தளம் மூடப்பட்டாயிற்று, இந்த ஆப்ஜெக்ட் இனி உயிர்பெறாது, வேண்டுமானால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டியதுதான். ‘லாகின் ஆனவரா: இல்லை’ என்ற ஒற்றை மாறியால், இன்னும் வராதவரையும் போய்க்கொண்டிருப்பவரையும் போய்விட்டவரையும் பிரித்துக்காட்ட முடியாது.

இந்த வடிவங்களின் இன்னொரு சிறப்பு, ஒவ்வொரு கட்டமும் தனக்குத் தேவையான தகவலைத் தன்னுடனே வைத்திருப்பது. ‘வெயிட் பாஸ்வேர்ட்’ என்ற நிலையில்தான் பாஸ்வேர்ட் குறிப்பு இருக்கிறது. மீட்பு மின்னஞ்சல் உண்டா என்பதும் அங்கேதான். ‘வெயிட் ரெஜிஸ்ட்ரேஷன்’ நிலை சேவை விதிமுறைகளைக் கொண்டுவருகிறது. ‘ரெடி’ நிலையில் இவை எதுவும் கிடையாது. ஒரே கிளாஸில் இவற்றையெல்லாம் திணித்து, பாதியை எந்நேரமும் காலியாக வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

‘வெயிட் கோட்’ இன்னும் சுவாரசியம். குறியீடு எந்த வழியில் வருகிறது என்பதற்கே தனியாக ஒரு டைப் இருக்கிறது. இன்னொரு கருவியில் உள்ள டெலிகிராமுக்கே செய்தியாக வரலாம், எஸ்எம்எஸ்ஸாக வரலாம், அழைப்பு வந்து குரல் எண்களைப் படிக்கலாம். மிஸ்டு கால் என்றும் ஒரு வகை உண்டு. அழைத்த எண்ணின் கடைசி இலக்கங்கள்தான் குறியீடு, அழைப்பை எடுக்கவே வேண்டாம். இந்த வகையில் மட்டும் அந்த எண்ணின் முன்பகுதியும் தரப்படுகிறது. எஸ்எம்எஸ் வகைக்கு அது பொருளற்றது என்பதால் அங்கே இல்லை. செலவில்லாமல் சேதி சொல்ல மிஸ்டு கால் கொடுத்துப் பழகிய நாட்டு வாசகர்களுக்கு இந்த வகையை விளக்க வேண்டியதில்லை. குறியீடு வரவில்லையென்றால் அடுத்து எந்த வழியில் அனுப்பலாம், எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பவையும் அதே ஆப்ஜெக்டில் இருக்கின்றன. அடுத்த வழியே இல்லாமலும் போகலாம். அப்போது அந்த இடம் காலி, மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கவும் முடியாது. திரையை வடிவமைப்பவருக்கு ‘மீண்டும் அனுப்பு’ பொத்தானை எப்போது காட்டுவது என்ற கேள்விக்கு இங்கேயே விடை இருக்கிறது.

டெலிகிராம் சர்வர் இதே விஷயத்தை எப்படிச் சொல்கிறது என்று ஒப்பிட்டால் டிடிலிப் செய்த வேலையின் மதிப்பு புரியும். சர்வரின் நேரடி ஏபிஐயில், இரட்டைப் பூட்டு போட்டவர் சரியான குறியீட்டை உள்ளிட்டால் பதிலாக வருவது 401 என்ற பிழை. ‘செஷன் பாஸ்வேர்ட் நீடட்’ என்று அதற்குப் பெயர். பயனர் எந்தத் தப்பும் செய்யவில்லை, குறியீடு சரி, இருந்தாலும் பிழை. பைத்தானில் புகழ்பெற்ற டெலிதான் லைப்ரரி இதை அப்படியே எக்ஸெப்ஷனாக எறிகிறது. லாகின் செய்யும் வரியை டிரை-க்குள் போட்டு, அந்தக் குறிப்பிட்ட எக்ஸெப்ஷனைப் பிடித்து, அதற்குள்ளிருந்து பாஸ்வேர்டை அனுப்ப வேண்டும். சின்ன ஸ்க்ரிப்ட் எழுதுபவருக்கு இது போதும், சுலபமும்கூட. ஆனால் தன் கணக்கில் இரட்டைப் பூட்டு போடாத நிரலாளருக்கு இப்படி ஒரு கட்டம் இருப்பதே தெரியாது. அவர் கணினியில் எல்லாம் ஓடும். பூட்டு போட்ட முதல் பயனரிடம் நிரல் நின்றுவிடும். டிடிலிப் அந்தப் பிழையை ஒரு கட்டமாக உயர்த்தி, மற்றக் கட்டங்களின் பக்கத்திலேயே உட்காரவைத்தது. வரையறையைப் படிப்பவர் கண்ணில் அது படாமல் போகாது.

கண்ணில் பட்டால் போதாது, கம்பைலரும் பிடித்து நிறுத்த வேண்டும். இங்கே மொழிக்கு மொழி கதை மாறுகிறது. டிடிலிப்போடு வரும் ஜாவா உதாரண நிரல், ஒவ்வொரு வடிவத்துக்கும் உள்ள எண்ணை வைத்து ஸ்விட்ச் எழுதி, எதிலும் சேராததை ‘ஆதரிக்கப்படாத நிலை’ என்று அச்சிட்டுவிடுகிறது. ஒரு கட்டத்தை எழுத மறந்தால் ஜாவா கம்பைலர் அங்கே எதுவும் சொல்லாது. ரஸ்ட், ஸ்விஃப்ட் மொழிகளில் அதே டைப்பை ‘ஈனம்’ என்ற பல வடிவ வகையாக எழுதி ஒரு கிளையை விட்டுவிட்டால் நிரல் கம்பைலே ஆகாது. ஹேஸ்கெல்லில் எச்சரிக்கை தரச் சொல்லலாம். டிடிலிப்பின் 1.8 வரிசைப் பதிப்புகளில் மின்னஞ்சல் முகவரிக்கும் மின்னஞ்சல் குறியீட்டுக்கும் புதிய நிலைகள் சேர்ந்தன. தரவுத்தளச் சாவிக்காக இருந்த தனி நிலை ஒன்று நீங்கியது. எந்தெந்தக் கோப்பைத் திருத்த வேண்டும் என்று ரஸ்ட்காரருக்குக் கம்பைலரே பட்டியல் தரும். எல்லாவற்றையும் விழுங்கும் ‘மற்றவை’ கிளையை எழுதிவைத்தவருக்கு, எந்த மொழியானாலும், அந்தப் பட்டியல் கிடையாது.

ஆனால் இந்த முதல் வழிக்கு ஓர் எல்லை உண்டு. ‘குறியீட்டைச் சரிபார்’ என்ற ஃபங்ஷனின் விளக்கத்தில், இது ‘வெயிட் கோட்’ நிலையில் மட்டுமே வேலை செய்யும் என்று எழுதியிருக்கிறது. எழுதித்தான் இருக்கிறது. தொலைபேசி எண்ணே கொடுக்காத நிலையில் அதை அழைக்கும் நிரலும் நன்றாகவே கம்பைல் ஆகும். ஓடும்போது பிழை வரும். கட்டம் என்ன என்று டைப் சொல்கிறது, அந்தக் கட்டத்தில் என்ன செய்யலாம் என்று சொல்வதில்லை.

இரண்டாவது வழி அங்கேதான் நுழைகிறது. கட்டத்தை ஒரு மதிப்பாக வைக்காமல், கையில் இருக்கும் இணைப்பின் டைப்பாகவே ஆக்கிவிடுவது. ரஸ்ட் மொழியில் மின்னஞ்சல் சர்வரோடு பேச உதவும் ‘ஐமேப்’ என்ற லைப்ரரி இதைப் பளிச்சென்று செய்கிறது. சர்வரோடு இணைந்தவுடன் கிடைப்பது ‘கிளையன்ட்’ என்ற டைப். அதனிடம் அஞ்சல்பெட்டியைத் திறக்கவோ கடிதத்தை எடுக்கவோ ஃபங்ஷனே கிடையாது. ‘லாகின்’ என்று அழைத்து, அது வெற்றி பெற்றால் ‘செஷன்’ என்ற வேறொரு டைப் கிடைக்கும். கடிதம் எடுக்கும் ஃபங்ஷன்கள் எல்லாம் அதனிடம். லாகின் ஆகாமல் கடிதம் எடுக்கும் நிரலை எழுதவே முடியாது, ஆகையால் ‘உள்ளே வந்தாச்சா’ என்று எங்கும் கேட்க வேண்டியதும் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம். லாகின் அழைத்தவுடன் பழைய ‘கிளையன்ட்’ பறிபோய்விடுகிறது. ரஸ்ட்டின் உரிமை விதிப்படி, ஒரு ஃபங்ஷனுக்குக் கையளித்த பொருளை அதன்பின் தொட முடியாது. லாகின் தோற்றால்? பாஸ்வேர்டைத் தப்பாக அடித்த பாவத்துக்கு இணைப்பையே இழக்க வேண்டுமா? இல்லை. தோல்வியின்போது பிழையோடு சேர்த்து அந்தக் கிளையன்டையும் திருப்பித் தருகிறார்கள். அதை வாங்கி மறுபடி முயலலாம். இந்தச் சிறு கரிசனம் இல்லாமல் இதே உத்தியைப் பின்பற்றும் நிரல்கள், ஒவ்வொரு தவறான பாஸ்வேர்டுக்கும் இணைப்பை முதலிலிருந்து தொடங்க வைத்துவிடும்.

லைப்ரரிக்குப் பெயர் தந்த ஐமேப் என்ற மின்னஞ்சல் நெறிமுறைக்கு இந்த அமைப்பு இயல்பாகவே பொருந்துகிறது. 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3501 நான்கு நிலைகளை வகுக்கிறது: சரிபார்க்கப்படாதது, சரிபார்க்கப்பட்டது, அஞ்சல்பெட்டி தேர்ந்தெடுக்கப்பட்டது, வெளியேற்றம். எந்தக் கட்டளை எந்த நிலையில் செல்லும் என்றும் அதிலேயே இருக்கிறது. ரஸ்ட் லைப்ரரி இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே ‘செஷன்’ டைப்புக்குள் அடக்கிவிட்டது. அஞ்சல்பெட்டியைத் தேர்ந்தெடுக்காமல் கடிதம் தேடும் நிரல், ஆகவே, கம்பைல் ஆகும். தேர்ந்தெடுத்த பெட்டிக்கும் தனி டைப் வைத்திருந்தால் பெட்டி மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆப்ஜெக்டைக் கைமாற்ற வேண்டியிருக்கும். அந்த அலுப்பை எண்ணினால் இங்கே நிறுத்திக்கொண்டது சரியான முடிவுதான்.

இதே நெறிமுறையின் ஒரு மூலையில் நல்ல பாடம் ஒன்று கிடக்கிறது. இணைந்தவுடன் சர்வர், ‘நீங்கள் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர்’ என்று பொருள்படும் ‘ப்ரீஆத்’ வாழ்த்தைச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் கிளையன்ட் நேராக இரண்டாம் நிலைக்குப் போய்விடுகிறது. ஆனால் இணைப்பைக் குறியாக்கத்துக்கு மாற்றும் ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ கட்டளை முதல் நிலையில் மட்டுமே செல்லும். நடுவில் நிற்கும் ஒருவன் போலியாக ப்ரீஆத் சொன்னால், குறியாக்கம் தொடங்க வேண்டிய கட்டமே கடந்துபோய்விடும். மோசில்லாவின் தண்டர்பேர்ட் இதில் சிக்கியது. ஸ்டார்ட்டிஎல்எஸ் வேண்டும் என்று அமைத்திருந்தும், ப்ரீஆத் வந்தால் குறியாக்கம் இல்லாமலே தொடர்ந்தது. 2020-இல் 68.9 பதிப்பில் திருத்தினார்கள். ‘யார்’ என்ற கட்டமும் ‘குறியாக்கம் ஆயிற்றா’ என்ற கட்டமும் தனித்தனி. ஒன்றின் முன்னேற்றம் மற்றதை மூடிவிடக் கூடாது. ரஸ்ட் ஐமேப்பில் ‘கிளையன்ட்’ என்பதே எந்த வகை இணைப்பின்மேல் நிற்கிறது என்பதைத் தன் டைப்பில் சுமக்கிறது. குறியாக்கம் உள்ள கிளையன்டும் இல்லாத கிளையன்டும் வெவ்வேறு டைப்புகள். முதலாவதை மட்டும் ஏற்கும்படி ஒரு ஃபங்ஷனை எழுதிவிட்டால் மற்றது அதற்குள் நுழையாது.

இந்த இரண்டாம் வழியின் வேர் பழையது. ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் ஸ்ட்ராமும் ஷாலா யெமினியும் 1986-இல் ‘டைப்ஸ்டேட்’ என்ற கருத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். ஒரு பொருளின் டைப் மாறாது, ஆனால் அதன்மேல் எந்தச் செயல் செல்லும் என்பது நிரல் ஓட ஓட மாறும். அதைக் கம்பைலரே பின்தொடரலாம் என்பது சாரம். அவர்களின் என்ஐஎல் மொழி இதைச் செய்தது. அந்த மரபிலிருந்து ஊக்கம் பெற்ற ரஸ்ட், தொடக்க காலத்தில் டைப்ஸ்டேட்டை மொழியின் அங்கமாகவே வைத்திருந்தது. 2015 மே மாதம் 1.0 வருவதற்கு முன்பே அது கழற்றப்பட்டது. உரிமை விதியும் சாதாரண டைப்புகளும் சேர்ந்தாலே பெரும்பாலான பயன் கிடைத்துவிடுகிறது என்பதை ஐமேப் லைப்ரரி போன்றவை காட்டுகின்றன.

ஜாவா உலகம் வேறு பாதையில் போனது. ஸ்ப்ரிங் செக்யூரிட்டி என்ற லாகின் லைப்ரரியில் வேலை பார்த்தவர்களுக்கு ‘யூசர்நேம் பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் டோக்கன்’ என்ற நீண்ட பெயர் மனப்பாடம். பயனர் கொடுத்த, இன்னும் சரிபார்க்காத பெயரையும் பாஸ்வேர்டையும் சுமப்பதும் அந்த கிளாஸ்தான்; சரிபார்த்தபின் அவருடைய உரிமைகளைச் சுமப்பதும் அதே கிளாஸ்தான். இரண்டு கன்ஸ்ட்ரக்டர்கள். உரிமைப் பட்டியலைக் கொடுத்து உருவாக்கினால் சரிபார்க்கப்பட்டது, இரண்டே மதிப்புகளைக் கொடுத்தால் சரிபார்க்கப்படாதது. ‘சரிபார்க்கப்பட்டது: ஆம்’ என்று பிறகு மாற்றப் பார்த்தால் எக்ஸெப்ஷன் வரும். அதாவது ஆபத்து அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தடுப்பு மட்டும் ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது. 5.7 பதிப்பில் ‘ஆதென்டிகேட்டட்’, ‘அன்ஆதென்டிகேட்டட்’ என்று வெளிப்படையான பெயருள்ள இரண்டு ஃபங்ஷன்களைச் சேர்த்தார்கள். படிப்பவருக்கு உதவிதான், ஆனால் கம்பைலருக்கு இன்றும் இரண்டும் ஒன்றே.

ஹேஸ்கெல்லில் வலை சர்வர் எழுத உதவும் ‘சர்வன்ட்’ குடும்பத்தில் உள்ள லாகின் லைப்ரரி, சர்வர் பக்கத்துக்கு ஒரு குட்டி டைப்பை வைத்திருக்கிறது. நான்கே வடிவங்கள்: தவறான பாஸ்வேர்ட், அப்படி ஒரு பயனர் இல்லை, சரிபார்க்கப்பட்டவர், தீர்மானிக்க முடியவில்லை. பயனரைப் பற்றிய தரவு மூன்றாவது வடிவத்துக்குள் மட்டும்தான் இருக்கிறது. நான்காவதுதான் கெட்டிக்காரத்தனம். குக்கியைப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அப்படியானால் டோக்கனைப் பார், அதிலும் இல்லையென்றால் அடுத்ததைப் பார் என்று பல முறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க அது இடம் தருகிறது. தீர்மானமான முதல் விடை எதுவோ அதுவே விடை. ஒன்று மட்டும்: முதல் இரண்டு வடிவங்களின் வேறுபாடு நிரலுக்குள் இருக்கலாம், உலாவிக்குப் போகும் பதிலில் இருக்கக் கூடாது. ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்று வெளியே சொல்லிவிட்டால், யாருக்கெல்லாம் கணக்கு இருக்கிறது என்று சலித்தெடுக்க நினைப்பவனுக்கு வேலை எளிது.

அப்படியானால் டிடிலிப் ஏன் ஐமேப்பைப் போல, கட்டத்துக்கு ஒரு டைப் என்று இணைப்பைப் பிரித்துத் தரவில்லை? ஒரு காரணம், அது எல்லா மொழிகளுக்குமானது. ஜேசன் வழியாகப் பேசும் நிரலுக்குப் போய்ச் சேர்வது ஒரு பெயர்ச்சரம்தான். அங்கே எந்த கம்பைலரும் இல்லை. இன்னொரு காரணம் அதைவிட முக்கியம். ஐமேப்பில் கட்டத்தை முன்னே நகர்த்துவது பெரும்பாலும் நிரல். லாகின் என்று அது அழைக்கும்போதுதான் நிலை மாறுகிறது. டெலிகிராமில் நிலையை மாற்றுபவர்கள் வெளியே இருக்கிறார்கள். பயனர் தன் ஃபோனை எடுத்து, செயலில் உள்ள லாகின்கள் பட்டியலில் இந்தக் கருவியை நீக்கிவிட்டால், ‘ரெடி’ என்று உட்கார்ந்திருக்கும் நிரலுக்குத் திடீரென்று ‘லாகிங் அவுட்’ வந்து சேரும். நிரல் கையில் ‘ரெடி’ என்ற டைப்பை இறுகப் பிடித்திருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. எனவே டிடிலிப் நிலை மாற்றத்தை ஒரு நிகழ்வாக அனுப்புகிறது. பெறும் நிரல் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஐமேப்பிலும் சர்வர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் ‘பை’ சொல்லி இணைப்பைத் துண்டிக்கலாம். அப்போது ‘செஷன்’ டைப் கையில் இருந்தும், அடுத்த அழைப்பு பிழையோடுதான் திரும்பும். அதனால்தான் அதன் ஒவ்வொரு ஃபங்ஷனும் விடையோ பிழையோ என்ற இருவகை மதிப்பைத் தருகிறது.

நிரலை மூடித் திறந்தால் டைப்புகள் எல்லாம் கலைந்துவிடும். வட்டில் மிஞ்சுவது வெறும் பைட்டுகள். நேற்று லாகின் ஆன டிடிலிப் நிரலும் இன்று காலை ‘வெயிட் டிடிலிப் பாராமீட்டர்ஸ்’ நிலையில்தான் கண்விழிக்கிறது. கோப்புறை எது என்று சொன்னபின் அங்கே பழைய சாவி கிடைத்தால், எண்ணும் கேட்காமல் குறியீடும் கேட்காமல் நேராக ‘ரெடி’க்குத் தாவுகிறது.